அமெரிக்க ஆம்ப், புதுச்சேரி மின்சாரம், தீராத ஒரு ஹம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள நண்பர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து வரும் ட்யூப் (வால்வு) வைத்த கிடார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி போதுமா, உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என்னுடையது இரண்டு ஈஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப்கள் கொண்ட 15 வாட் ஆம்ப். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே ஆனது.

வோல்ட்டேஜைப் பொறுத்தவரை 110 வோல்ட் பெட்டியில் குறையில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மின்சாரம் இரவில் 250 வரை ஏறும்போதும் அது 120-ஐத் தாண்டவில்லை. உள்ளே இருப்பது ஒரே காயிலில் இடையில் டேப் எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான். அது மெயின் லைனிலிருந்து நம்மைப் பிரித்து வைக்காது; ஆனால் ஆம்புக்குள் அந்த வேலைக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அதையும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால், எர்த்துக்கான வட்டத் துளையை அழகாக வைத்துவிட்டு, அதன் பின்னால் வயரே இணைக்காமல் விற்றவரை என்ன சொல்வது? கிடார் கம்பிகள் ஆம்பின் சேஸிஸோடு, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு, இணைந்தவை. சேஸிஸுக்கு எர்த் இல்லையென்றால், கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று இழுக்கும். எனக்கு இழுத்தது. பெட்டி வாங்குகிறவர்கள், பிளக்கின் தடித்த முள்ளுக்கும் அந்தத் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

எர்த்தைச் சரிசெய்த பிறகும், எந்தப் பெட்டியாலும் மாற்ற முடியாத நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருந்தது. 60-க்கு அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் அதே 120 வோல்ட்டை 50-இல் கொடுத்தால் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடிவிடுகிறது. ஒரு மணி நேரம் வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கை வைக்க முடியாது. நெல்லித்தோப்பில் மோட்டார் காயில் கட்டுபவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே, "அம்பதுக்குக் கோர் கனமா வேணும் தம்பி, இந்த சைஸ்ல அடங்காது" என்றார். அவர் கட்டித் தந்த புதியது பழையதைவிட உயரம். 230, 240 என்று இரண்டு டேப்கள். ட்யூப்களின் ஹீட்டர்களுக்கு 2.4 ஆம்பியர் தேவைப்படும் இடத்தில் 6.3 வோல்ட்டில் 3 ஆம்பியர் தாங்கும் சுற்று. கடற்காற்றுக்காக வார்னிஷில் முக்கிக் காயவைத்தது. வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும்போது கரண்ட் பாதியாகிவிடும் என்பதால் 2 ஆம்பியர் ஃபியூஸை 1 ஆம்பியருக்கு மாற்றினோம். இப்போது எவ்வளவு நேரம் வாசித்தாலும் இளஞ்சூட்டோடு நிற்கிறது. இதைவிடச் சுத்தமான வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை. பின்புறத் தகட்டில் மட்டும் 120 வோல்ட் என்றே இருந்தது. அதன் மேல் 230 என்று எழுதி ஒட்டிவிட்டேன். இந்த வேலையைத் தாமாகச் செய்ய நினைப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதையும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த ஆம்பின் ஹம், அதாவது ஓயாத ரீங்காரம், அங்குள்ள மின்சாரத்தின் 60-க்கு இரு மடங்காக 120 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பி-பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவே விழுவதால் அது எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாது. இங்கே அது 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஜி கார்டை மெதுவாக வாசித்து நீள விட்டால், அந்த இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு முறை அலை போல ஏறி இறங்குவது காதில் விழுகிறது. கெபாசிட்டர்களைச் சற்றுப் பெரிதாக மாற்றியதில் ஹம் பாதியானது; மிச்சம் போகவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இது கேட்பதில்லை. ஒரு முறை கேட்டுவிட்ட எனக்கோ வேறெதுவும் கேட்பதில்லை. ஜி-யில் தொடங்கும் பாட்டுகளையெல்லாம் இப்போது ஏ-க்கு ஏற்றி வாசிக்கிறேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பெட்டியும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம், கொஞ்சம் பொறுத்து, 230 வோல்ட் மாடலாகவே பார்த்து வாங்குங்கள். அதிலும் இதே 100 ஹெர்ட்ஸ்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்; ஆனால் அதைச் சகித்துக்கொள்வதற்கு இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் உன்னுடையதை விற்றுவிடுவாயா என்று கேட்டார். விற்பதாக இல்லை.