மானிட்டர் மேல் போட்ட பழி: வீட்டு ஆர்கேட் பெட்டியோடு நான்கு வருடம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், வீடியோ கேம் கடைகளில் நின்றபடி ஆடுவார்களே, அந்த மாதிரி ஆர்கேட் பெட்டி ஒன்றைக் கட்டி நான்கு வருடம் ஆகிறது. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், உள்ளே ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கையளவுக் கம்ப்யூட்டர் (சுருக்கமாகப் பை), ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட 17 அங்குல எல்சிடி மானிட்டர். மானிட்டருக்குக் கொடுத்தது 1,800 ரூபாய். பொத்தான்களுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் அதைவிடக் கூடுதலாகவே செலவானது. மரவேலையோ பொத்தானோ ஒருநாளும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்ததெல்லாம் திரைதான். அதற்கு முழுக் காரணம் திரையல்ல என்பது புரிய இரண்டு வருடம் பிடித்தது.

முதல் வாரமே தொடங்கியது. திரையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பேய்கள் துரத்தும் பழைய ஆட்டமான பேக்மேனை ஓடவிட்டேன். சுவர்க் கோடுகள் ஓரிடத்தில் தடிப்பாகவும் அடுத்த இடத்தில் மெலிதாகவும் தெரிந்தன. பழைய மானிட்டர், பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கணக்குப் போட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. 1980இல் வந்த அந்த ஆட்டத்தின் படம் 224×288 புள்ளிகள். என் திரை நெட்டுக்குத்தில் 1024×1280. 288ஐ 1280 ஆக இழுத்தால் ஒரு புள்ளிக்கு நாலரைக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கிடைக்கிறது. பாதிப் புள்ளியை யார் காட்ட முடியும்? ஒரு கோட்டுக்கு நான்கு, அடுத்ததற்கு ஐந்து என்று பங்கு பிரிகிறது. முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும்படி அமைப்பை மாற்றினேன். சரியாக நான்கு மடங்கு, 896×1152. சுற்றிலும் விரலகலத்துக்குக் கறுப்பு ஓரம் நிற்கிறது. கோடுகள் நூல் பிடித்ததுபோல் ஆகிவிட்டன.

அடுத்தது மின்தடை. மின்சாரம் போய்த் திரும்பினால் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டி மிதக்கும். உள்ளே ஆட்டத்தின் இசை மட்டும் கேட்கும். மானிட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தம்முடைய கம்ப்யூட்டரில் செருகினார், படம் பளிச்சென்று வந்தது. “இதுக்கு ஒன்றுமில்லை தம்பி, வேறு எங்காவது பாருங்கள்” என்று சொல்லிவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயமான கட்டணம்தான்.

நடந்தது இதுதான்: மானிட்டர் விழித்துக்கொள்வதற்குள் பை கிளம்பிவிடுகிறது. மறுமுனையில் ஆள் இல்லை என்று நினைத்து எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் இணைப்பைக் கைவிட்டு, பழைய டிவிக்கான கம்போசிட் வழியில் படத்தை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. மெமரி கார்டில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்டிஎம்ஐயிலேயே அனுப்பச் சொல்லும் ஹாட்பிளக் வரியை 1 ஆக்கினேன். கூடவே குழு 2, மோட் 35 என்று எழுதினேன். அது 1280×1024, 60 ஹெர்ட்ஸ். அந்த வியாதி அதோடு தீர்ந்தது.

ஆட்டத்தின் நடுவே ஒரு நொடி திரை இருண்டு மீள்வது தனிக் கதை. மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டுமல்ல, டிவிஐ என்ற டிஜிட்டல் துளையும் இருந்தது. நான் கண்டுகொள்ளாமல் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் மலிவு அடாப்டரைப் போட்டிருந்தேன். அந்த அடாப்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பையிடமிருந்தே உறிஞ்சுகிறது. பையோ கைப்பேசி சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது, பொத்தான் விளக்குகளும் அதே சார்ஜரில்தான். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அதை நான், பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளின் அலங்காரம் என்று பல மாதம் நினைத்திருந்தேன்! 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் சப்ளை வாங்கினேன், விளக்குகளுக்குத் தனி இணைப்புக் கொடுத்தேன்.

போன வருடம் பெட்டி ஏற்காட்டுக்குக் குடிபோனது. அக்கா வீட்டில் இடம் இருந்தது, பிள்ளைகளும் கேட்டார்கள். குட்டி யானை வண்டியில் கயிறு போட்டுக் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறக்கி வைத்துப் போட்டால், திரை முழுக்க ரோஜா நிறம். இந்த முறை நான் பதறவில்லை. விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. பச்சை அறுந்தால் எல்லாம் ரோஜா, நீலம் அறுந்தால் மஞ்சள். இரண்டு பக்கத் திருகையும் முடுக்காமல் ஏற்றியிருக்கிறேன். முடுக்கினேன், சரியானது. ஆனாலும் அந்த அடாப்டரை அன்றே தூக்கி எறிந்துவிட்டு எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் போட்டேன். அதில் எந்த மாற்றியும் தேவையில்லை, இரண்டிலும் ஓடும் சிக்னல் ஒன்றே. ஒலியை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

இவ்வளவும் கற்ற பிறகு டிசம்பரில் வந்தது உண்மையான கோளாறு. பனி இறங்கும் காலை நேரத்தில் பெட்டியைப் போட்டால் படம் இரண்டு நொடி வரும், பிறகு கறுப்பு. அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் நிலைக்கும். மதியத்தில் கோளாறே இல்லை. நான் தேர்ந்த ஆள் ஆயிற்றே, மானிட்டர் என்றைக்குமே குற்றவாளி இல்லை என்ற ஞானம் வந்துவிட்டதே! சப்ளையை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஈரம் என்று மாமாவிடம் விளக்கினேன்.

அக்கா மகள் டார்ச்சோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கறுத்துக் கிடந்த திரைமேல் சாய்வாக ஒளி பட்டது. “மாமா, பேய் உள்ளேதான் இருக்கிறது, நடக்கிறது” என்றாள். குனிந்து பார்த்தேன். மங்கலாக, தண்ணீருக்கடியில் தெரிவதுபோல், ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. படம் இருக்கிறது, பின்விளக்கு மட்டும் இல்லை. அப்படியானால் கோளாறு மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது.

பின்மூடியைத் திறந்ததும் பவர் போர்டில் மூன்று கெபாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள், தலை வீங்கி நின்றன. நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். இவை பூரி போல உப்பியிருந்தன, ஒன்றின் மேல் பழுப்புக் கசிவு. இப்படிக் கெட்டவை குளிரில் இன்னும் மோசமாகும், சூடு ஏறினால் ஓரளவு வேலை செய்யும். மலையேறிய பிறகு நோய் வெளிப்பட்டதற்கு அதுவே காரணம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை என்று கேட்டுச் சேலத்தில் வாங்கினேன். மூன்றும் சேர்ந்து நாற்பது ரூபாய். திறக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். சால்டரிங் பழக்கம் இல்லாவிட்டால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். நான் அந்த நூறு ரூபாய்க் கடைக்காரரிடம்தான் கொடுத்தேன். “இப்போது இதுக்குத்தான்” என்று சிரித்தார்.

தீராதது ஒன்று பாக்கி. இது டிஎன் பேனல், பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் திரை வகை. கிடையாக வைத்தால் கீழிருந்து பார்க்கும்போது இருளும், மேலிருந்து பார்த்தால் வெளுக்கும். நெட்டுக்குத்தாகத் திருப்பியதால் அந்த மேல் கீழ் இப்போது இடம் வலம் ஆகிவிட்டது. இருவர் சேர்ந்து ஆடும் 1943 விமான ஆட்டத்தில் இடப்பக்கம் நிற்பவருக்குக் கடல் மை போலக் கறுக்கிறது, வலப்பக்கம் நிற்பவருக்குச் சாயம் போன வேட்டிபோல் வெளிறுகிறது. எந்த அமைப்பை மாற்றினாலும் இது போகாது, கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல்தான் வழி. 5:4 விகிதத்தில் ஐபிஎஸ் மலிவாகக் கிடைக்கும்வரை, யார் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் காசு சுண்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.