25, 35: குவேக் லைவில் ஆறு வருடம்

குவேக் லைவ் என்ற கணினித் துப்பாக்கி ஆட்டத்தில் டூயல் ஆட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஸ்டீம் (கணினி ஆட்டங்களை வாங்கி ஆடும் தளம்) கணக்கு 2,300 மணி நேரத்தைத் தாண்டிக் காட்டுகிறது. முதல் இரண்டு வருடம் குறிபார்த்துச் சுடுவதை மட்டுமே பயிற்சி செய்தேன். அதில் கிடைத்ததைவிடப் பெரிய முன்னேற்றம், கடிகாரத்தைக் கவனிக்கப் பழகிய மூன்றே மாதத்தில் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். 1999இல் வந்த குவேக் 3 அரீனாவின் நேரடி வாரிசு இது. 2010இல் உலாவியிலேயே ஓடும் ஆட்டமாக வெளியாகி, 2014இல் ஸ்டீமுக்கு வந்தது. டூயல் என்றால் ஒருவருக்கு ஒருவர், 10 நிமிடம், அதிக ஃப்ராக் (எதிராளியை வீழ்த்திய எண்ணிக்கை) எடுத்தவருக்கு வெற்றி. துப்பாக்கி, ஆர்மர் (கவசம்), ஹெல்த் (உயிர்ப்புள்ளி) எல்லாம் மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், அதனதன் இடத்தில் கிடக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறைய நாள் ஆடினால் புதுத் துப்பாக்கி, காசு கொடுத்தால் கூடுதல் பலம் என்ற பேச்சே டூயலில் கிடையாது. ஆறு வருடம் ஆடிய நானும் இன்று காலை நுழைந்தவரும் அதே மெஷின் கன்னோடுதான் ஆரம்பிக்கிறோம். இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

ஆரம்பத்தில் தோற்கும்போதெல்லாம் எதிராளி என்னைவிட நன்றாகச் சுடுகிறார் என்றே நினைத்தேன். அதனால் லைட்னிங் கன்னை எடுத்துக்கொண்டு பாட்களோடு (கணினியே ஆட்டும் எதிராளிகள்) மணிக்கணக்கில் பயிற்சி. அது விநாடிக்கு 20 முறை சுடும் ஆயுதம். எதிராளியின் உடம்பை விட்டு நழுவாமல் மவுஸைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் துல்லியம் 24 சதவீதத்திலிருந்து 33க்கு ஏறியது. ஆனாலும் அதே ஆட்களிடம் அதே மாதிரி தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் 19க்கு 2 என்று என்னை வீழ்த்தியவர், நான் கேட்டதற்காகத் தன் பக்கத்து டெமோவை (ஆட்டப் பதிவை) அனுப்பிவைத்தார். அதை இரண்டு முறை பார்த்தேன். அவருடைய லைட்னிங் துல்லியம் 29 சதவீதம். என்னைவிடக் குறைவு! அப்புறம் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். அந்த 10 நிமிடத்தில் மெகா ஹெல்த்தை ஒரே ஒரு முறைதான் தவறவிட்டிருந்தார். ரெட் ஆர்மர் என் கைக்கு வந்தது மொத்தம் மூன்று தடவை, அதுவும் தற்செயலாக.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கணக்கு அப்படி. செத்துப் பிழைத்து வருபவருக்கு 125 ஹெல்த்; விநாடிக்கு ஒன்றாகக் குறைந்து 100இல் நிற்கும். நேரடியாகப் பட்ட ராக்கெட் 100ஐ எடுத்துவிடும். ஆக, 100இல் நிற்பவர் ஒரே ராக்கெட்டில் காலி. மெகா எடுத்தால் ஹெல்த் 200 வரை போகும். ரெட் ஆர்மர் 100 புள்ளி, விழும் அடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது வாங்கிக்கொள்ளும். 200 ஹெல்த்தும் 100 ஆர்மரும் உள்ளவரை வீழ்த்த மூன்று நேரடி ராக்கெட் வேண்டும். நான் மூன்று முறை சரியாக அடிப்பதற்குள் அவர் ஒரே ஒரு முறை அடித்தால் போதும். என் குறி அவருடையதைவிடக் கொஞ்சம் மேலாக இருந்து என்ன பயன்?

சரி, இந்தப் பொருள்கள் எப்போது திரும்ப வரும்? எடுத்ததிலிருந்து ஆர்மர் 25 விநாடியில், மெகா 35 விநாடியில். இந்த இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ராக்கெட் காதோரம் பறக்கும்போது கூட்டிக் கழித்து மனதில் நிறுத்த எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

உதவிய வழிகளைச் சொல்கிறேன். நிமிடத்தை மறந்துவிட்டு விநாடியை மட்டும் வைத்துக்கொண்டேன். மெகாவை 2:10க்கு எடுத்தால் மனதில் இருக்க வேண்டியது 45 என்ற ஒரே எண். விநாடி 60ஐத் தாண்டும் இடத்தில்தான் தடுமாறும். அங்கே 35ஐக் கூட்டாமல் 25ஐக் கழித்தேன். 4:50 என்றால் 50இல் 25 போக 25, அடுத்த நிமிடம், அவ்வளவுதான். ஆர்மருக்கு இதே மாதிரி 35ஐக் கழிக்கலாம். முதல் மாதம் எண்களை வாய்விட்டே சொன்னேன். 'மெகா 45, ரெட் 10' என்று திரும்பத் திரும்ப. சண்டை வந்தால் எண் மறந்துபோகும். மறந்தாலும் பரவாயில்லை என்று அடுத்த பொருளிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன். அப்படி விட்டுத் தொடரப் பழகியதுதான் முக்கியம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று மோதும் விதம். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, பிறகு வந்தவுடனே எடுத்துக்கொண்டே போனால் 70ஆவது விநாடியில் மெகா, 75இல் ஆர்மர். 100இல் ஆர்மர், 105இல் மெகா. 175ஆவது விநாடியில் இரண்டும் ஒரே கணத்தில் வந்து நிற்கும். முன்னிலையில் இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு நிதானமாக இன்னொன்றுக்கு நடக்கலாம். பின்தங்கியவருக்கு இரண்டும் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே.

இதைப் புரிந்துகொண்டு முதன்முதலாக ஆடிய ஆட்டம் இன்னும் கண்முன் நிற்கிறது. பிளட் ரன் மேப், 6க்கு 1 என்று பின்தங்கியிருந்தேன். எதிராளி 5:10க்கு மெகா எடுத்த சத்தம் கேட்டது. ஆக அடுத்த மெகா 5:45. அந்த நேரத்தில் நான் ரெட் ஆர்மர் பக்கத்தில் நிற்கிறேன், அது 5:13க்கு வந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் உடனே எடுத்திருப்பேன். அடுத்தது 5:38க்கு வரும், அவர் அதை எடுத்துவிட்டு ஏழு விநாடி நடந்து மெகாவையும் எடுத்திருப்பார். அன்று எடுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அது சுழன்றுகொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 5:20க்கு எடுத்தேன். இப்போது இரண்டுமே 5:45. அவர் மெகாவுக்குப் போனார், நான் ஆர்மருக்குப் போனேன். அதிலிருந்து ஆட்டம் சமமாகிவிட்டது. கடைசியில் 9க்கு 8 என்று தோற்றேன். ஆனால் அந்த ஏழு விநாடிக் காத்திருப்பு எனக்குக் கொடுத்த நிறைவை அதற்கு முன்னால் எந்த வெற்றியும் கொடுத்ததில்லை.

நேரத்தோடு சேர்ந்து வருவது காது. மெகா எடுத்தால் ஒரு சத்தம், ஆர்மருக்கு வேறு. மேலே தூக்கி எறியும் ஜம்ப் பேட், வேறிடத்துக்கு அனுப்பும் டெலிபோர்ட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சத்தம் உண்டு. தண்ணீரில் கால் வைத்தால்கூடக் காட்டிக்கொடுக்கும். சண்டையில் ஒருவர் ரெயில்கன் சுட்ட சத்தம் கேட்டால் அடுத்த ஒன்றரை விநாடிக்கு அவரால் மறுபடி ரெயில் சுட முடியாது. மூலையிலிருந்து வெளியே வர அதுதான் நேரம். நான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடும் பழக்கத்தை இரண்டாம் வருடம் விட்டேன். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை, இடம் வலம் தெளிவாகப் பிரிந்தால் போதும்.

நகர்வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தரையில் ஓடினால் வேகம் விநாடிக்கு 320 அலகு. ஸ்ட்ரேஃப் ஜம்ப் தெரிந்தால் 500ஐத் தாண்டலாம். குதித்தபடி முன்விசையோடு ஒரு பக்கவிசையையும் அழுத்தி, மவுஸை அதே பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். அடுத்த குதிப்பில் மறுபக்கம். இது ஏன் வேலை செய்கிறது என்பது சுவையானது. இன்ஜின் மொத்த வேகத்துக்கு வரம்பு போடுவதில்லை. நாம் அழுத்தும் திசையில் வேகத்தின் பங்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. அழுத்தும் திசையும் போகும் திசையும் சற்று விலகியிருந்தால் அந்தப் பங்கு வரம்புக்குள்ளேயே இருக்கும், வேகம் கூடிக்கொண்டே போகும். குவேக் 3இன் மூலநிரல் 2005இல் பொதுவெளிக்கு வந்ததால் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். ஆட்கள் இல்லாத மேப்பில் தினமும் 15 நிமிடம் குதித்தேன். ஏழெட்டு வாரத்தில் விரல்கள் தாமாகவே செய்ய ஆரம்பித்தன. 25, 35 கணக்குக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு: மெகா எப்போது வரும் என்று தெரிந்தும் மூன்று விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தெரிந்து பலனில்லை.

கருவிகள், செட்டிங்ஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 16.7 மில்லிவிநாடி, 144 ஹெர்ட்ஸில் 6.9. அந்த மாற்றத்தை முதல் நாளே உணர்ந்தேன், காசு கொடுத்து வாங்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான். எதிராளியின் உருவத்தைப் பளிச்சென்ற பச்சையாக மாற்றி வைத்தேன், கையிலுள்ள துப்பாக்கிப் படத்தை மறைத்தேன், சுவர்களின் நுணுக்கத்தைக் குறைத்தேன். சென்சிட்டிவிட்டியை முதல் வருடம் வாரம் ஒரு முறை மாற்றினேன், பெரிய தவறு. ஒரு முழுச் சுற்றுக்கு 38 சென்டிமீட்டர் என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு தொடவே இல்லை. நடுவில் ஒரு மவுஸ் எட்டே மாதத்தில் ஒரு அழுத்தலை இரண்டாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. அப்போது இழந்த வாரங்களில் ஆடாமல் டெமோ பார்த்தேன், அதுவும் வீண்போகவில்லை.

பார்ப்பதிலும் அப்படித்தான் பார்வை மாறியது. 1997இல் த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் குவேக் போட்டியில், அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரியைப் பரிசாக வென்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிட ராஃபாவின் பழைய ஆட்டங்கள்தான் பாடம். அமெரிக்காவின் ஷேன் ஹெண்ட்ரிக்சன்தான் ராஃபா. பெலாரஸின் சைஃபர், ரஷ்யாவின் கூலர் ஆகியோரோடு அவர் மோதிய ஆட்டங்களை முன்பு ஃப்ராக் எண்ணிக்கைக்காகப் பார்த்தேன். சண்டை இல்லாத நேரத்தைத் தள்ளிவிடுவேன். இப்போது அந்தத் தள்ளிவிட்ட பகுதிகளைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். 10 ஹெல்த்தோடு இருக்கும்போது எந்தக் கதவை விட்டு விலகுகிறார், வெறும் சுவரை நோக்கி ஏன் ஒரு ராக்கெட் விடுகிறார் என்று. அது வெறும் சுவர் இல்லை, இரண்டு விநாடி கழித்து எதிராளி வந்து சேரும் இடம்.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்வேன். வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிட்டு, மெகா எடுத்த நேரத்தை நீங்களே குறித்து, அடுத்து யார் எங்கே நிற்பார் என்று ஊகித்துப் பாருங்கள். அதோடு தோற்றுக்கொண்டிருப்பவரின் திரையைப் பாருங்கள். 2017 குவேக்கான் விழாவில், இந்த வரிசையின் புதிய ஆட்டமான குவேக் சாம்பியன்ஸில் நடந்த டூயல் உலகப் போட்டியை வென்ற கிளாஸ் (clawz) என்ற ஆட்டக்காரரின் ஆட்டங்களை இப்படிப் பார்த்தபோதுதான், அந்த வேகத்துக்குள் இருந்த பொறுமை எனக்குத் தெரிந்தது.

இனி குறைகள். ஆட்கள் குறைவு. இருப்பவர்களில் பலர் பத்து இருபது வருடம் ஆடியவர்கள், முதல் ஐம்பது ஆட்டமும் தோல்வியாக இருக்கலாம். கற்றுத்தரும் பகுதி ஆட்டத்துக்குள் போதுமான அளவுக்கு இல்லை. மேலே எழுதிய எண்களில் பெரும்பாலானவற்றை நான் மற்ற ஆட்டக்காரர்களிடம் கேட்டுத்தான் அறிந்தேன். சர்வர் தூரத்தில் இருந்தால் ராக்கெட் சிரமம். ரெயில், லைட்னிங் மாதிரி உடனே படும் ஆயுதங்களுக்கு ஆட்டம் பிங்கை (சர்வருக்குப் போய்வரும் தாமதத்தை) ஈடுகட்டுகிறது, பறந்து போகும் ராக்கெட்டுக்கு அப்படி இல்லை. 100க்கு மேல் பிங் இருந்தால் எதிராளி நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, அவர் இறங்கப்போகும் தரையைப் பார்த்துச் சுடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறேன். இப்போது பழகிக்கொண்டிருப்பது ரெட்டைவிடச் சிறிய கவசமான யெல்லோ ஆர்மரையும் கணக்கில் சேர்ப்பது. ரெட், மெகாவோடு மூன்றாவது எண்ணையும் மனதில் வைக்க வேண்டும். ஏரோவாக் மாதிரிச் சின்ன மேப்பில் ஓரளவு வருகிறது, பெரிய மேப்பில் மூன்றாவது எண் ஐந்தாம் நிமிடத்துக்குள் நழுவிவிடுகிறது. நேற்றைய டெமோவில் 6:12 வரை பிடித்திருந்தேன்.