அம்மா இருக்கும் பராமரிப்பு இல்லம்: மூன்று ஆண்டுகளுக்கு மேல் பார்த்த பிறகு

முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி நான் படித்த பாராட்டுகளில் பெரும்பாலானவை கட்டடத்தைப் பற்றியவை. காற்றோட்டமான அறை, சுற்றிலும் செடிகள், வாசலிலேயே சிரித்த முகம். அம்மா இருக்கும் இல்லத்திலும் இதெல்லாம் உண்டு. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன பிறகு அவரை அங்கே சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு காலம் பார்த்ததில் அந்த இல்லத்தை அளக்க நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி எனக்கு எப்படி வந்து சேர்கிறது?

ஒரு மாலை நர்ஸிடமிருந்து போன் வந்தது. “அக்கா, அம்மாவோட வலது குதிகால்ல ஒரு இடம் மட்டும் கருத்திருக்கு. தொட்டா சூடா, கொஞ்சம் கெட்டியா இருக்கு. தோல் கிழியலை. கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வெச்சு, குதிகால் படுக்கையில படாம தூக்கி வெச்சிருக்கோம்.” அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும் என்பது அந்த நாலு வரியிலேயே புரிந்துவிட்டது. படுக்கைப் புண்ணின் முதல் நிலையில் தோல் கிழிவதில்லை. அந்த இடம் சிவந்திருக்கும், அழுத்தினாலும் வெளுக்காது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டு, சூட்டையும் கெட்டித்தன்மையையும் சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். விட்டுவிட்டால் நான்காம் நிலையில் புண் எலும்பு வரை போகும். அம்மாவுக்கு அது முதல் நிலையிலேயே ஆறிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது, அவர்கள் சொன்னார்கள்.

அதே இல்லத்தில்தான் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. அம்மாவின் முழங்கை கன்றிப்போயிருந்ததை நானேதான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, “வயசானவங்களுக்குத் தோல் மெலிசு, சும்மாவே கன்னிப்போகும்” என்றார் நிர்வாகி. அது மருத்துவப்படி உண்மைதான், ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை. பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். முந்தைய இரவுக்கு ஒரு வரிகூட இல்லை. அப்புறம் தலைமை நர்ஸ் விசாரித்ததில், கழிப்பறையிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது அம்மா சரிந்து கைப்பிடியில் மோதியது தெரிந்தது. அவரைத் தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும். அந்தத் தளத்தில் இரவு ஷிப்டில் இருப்பவரோ ஒருவர். எனக்கு அந்த உதவியாளர் மேல் கோபமில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் பயந்திருந்தார், அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. விழுவது எந்த இல்லத்திலும் நடக்கும். விழுந்ததை எழுதி வைக்க ஊழியர் அஞ்சும் இடத்தில், அடுத்தவர் ஏன் விழுந்தார் என்பதும் யாருக்கும் தெரியாமல் போகும்.

1966-இல் அவெடிஸ் டோனாபெடியன் என்ற மருத்துவர் சிகிச்சையின் தரத்தை மூன்றாகப் பிரித்து எழுதினார்: அமைப்பு (இடம், ஆட்கள், வசதிகள்), செயல்முறை (கவனிக்கும் விதம்), விளைவு (கடைசியில் நோயாளிக்கு ஆவது). இடம் பார்க்கப் போகும் குடும்பத்துக்குக் காட்டப்படுவது முதலாவது மட்டும். மூன்றாவது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். நடுவில் இருக்கும் செயல்முறையைத்தான் நாம் கூடவே பார்த்துக்கொண்டிருக்க முடியும், அதுவும் வேறு வேறு நேரத்தில் சொல்லாமல் போனால்.

உதாரணத்துக்குத் திருப்பிப் படுக்கவைக்கும் சார்ட். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பார்கள்; ஆளைப் பொறுத்தும் மெத்தையைப் பொறுத்தும் இது மாறும். இரவு 2, 4, 6 என்று கடிகாரம் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பிய சார்ட்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வராது. 2.20, 4.05, 6.30 என்று கோணல்மாணலாக இருந்தால் யாரோ உண்மையில் வந்து திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாள் அம்மா மல்லாந்து படுத்திருக்க, இடப்பக்கம் திருப்பியதாக சார்ட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது. சுட்டிக்காட்டிய பிறகு சில வாரம் ஒழுங்காக நடந்தது, மறுபடி தளர்ந்தது. இந்த விஷயத்தில் இவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

கூடவே, படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிராடன் அளவுகோல் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். 1987-இல் வெளியான கணக்கு அது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், ஊட்டம், உராய்வு என ஆறு தலைப்புகளில் மதிப்பெண் போட்டு, 6 முதல் 23 வரை கூட்டுவார்கள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் படுக்கைப் புண் வர வாய்ப்புள்ளவர் என்று கொள்வது வழக்கம். “போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு?” என்று கேட்டதும் எதிரே இருப்பவர் பதிவேட்டைத் திறக்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

போய்ப் பார்க்கச் சிறந்த நேரம் சாப்பாட்டு வேளை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நிமோனியா வரலாம். எனவே நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரமாவது சாயவிடக் கூடாது. வாயைச் சுத்தம் செய்வதும் இதோடு சேர்ந்த வேலைதான், அழுக்கான வாயிலிருந்து கிருமி நுரையீரலுக்குப் போகும். இங்கே பகலில் உதவியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து ஊட்டுகிறார்கள். ஆள் குறைவான நாட்களில் நின்றுகொண்டே இரண்டு பேருக்கு மாற்றி மாற்றி ஊட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

எடையை மாதாமாதம் கேட்டுக் குறித்து வைக்கிறேன். ஒரே மாதத்தில் 5 விழுக்காடு, அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். 50 கிலோ இருப்பவருக்கு மாதத்தில் இரண்டரை கிலோ. கேட்கச் சின்ன எண்தான்.

அம்மாவுக்கு ஒருமுறை அப்படிக் குறைந்தது. தட்டில் எப்போதும் பாதி மீந்தது, “பசியில்லை போல” என்றே எல்லோரும் எழுதினார்கள். அங்கே நெடுநாளாக இருந்த ஓர் உதவியாளர்தான் மீந்திருப்பது எப்போதும் தட்டின் வலது பாதி என்று கவனித்தார். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் இரு கண்களிலும் வலப்புறப் பார்வை போய்விடுவதுண்டு. அம்மாவுக்கு அந்தப் பாதித் தட்டே தெரிந்திருக்கவில்லை. அந்த உதவியாளர் பேசாமல் தட்டைத் திருப்பி வைத்தார், அம்மா மீதியையும் சாப்பிட்டார். கண் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பெண் இப்போது அங்கே இல்லை. அவர் போன பிறகு வந்தவர்களுக்கு இதை நானே ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் தலைமை நர்ஸ் பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதவைத்தார். இடம் பார்க்கப் போனால் எத்தனை ஊழியர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இங்கேயே இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பவர் எத்தனை பேர், ஒரே ஆளை ஒரே உதவியாளர் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் இந்த இல்லத்துக்கு முழு மதிப்பெண். சாயங்காலமானால் அம்மா கத்த ஆரம்பித்தார். தூக்கத்துக்கோ மனநோய்க்கோ ஒரு மாத்திரை போட்டு அடக்கிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, முதலில் நிறுத்தியது நர்ஸ்தான். வலியா, சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, தண்ணீர் போதவில்லையா என்று வரிசையாகப் பார்த்தார்கள். மலச்சிக்கல். அது சரியானதும் கத்தலும் பெரும்பாலும் நின்றது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடும் எச்சரிக்கை விட்டது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதன்முதலில் உருவானதே பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்காகத்தான். இந்த மருந்துகள் வேண்டவே வேண்டாம் என்றில்லை, சில நேரம் வேறு வழியிருக்காது. எதற்காக, எவ்வளவு நாள், எப்போது குறைப்பீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். எப்போது போனாலும் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் தூங்கி வழிந்தால், அதை அமைதியான இல்லம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சலவை மோசம். அம்மாவின் உடுப்புகளை வேறு யாரோ உடுத்தியிருப்பார், யாருடையதோ அம்மா மேல் இருக்கும். பெயர் தைத்துக் கொடுத்தும் பயனில்லை. காது கேட்கும் கருவி ஒருமுறை தொலைந்தே போனது. மதிய வேளை முழுக்க டிவிதான். பிசியோதெரபி இல்லாத நாட்களில் அம்மாவை யாரும் நடக்கத் தூண்டுவதில்லை. வாடை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்: காலையில் டயப்பர் மாற்றும் நேரத்தில் இருக்கும், அப்புறம் போய்விடும். நாள் முழுதும் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். எந்நேரமும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் அப்படித்தான்.

வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று தம்பியும் நானும் பலமுறை பேசினோம். மறதி உள்ளவரை இடம் மாற்றுவது அவரை இன்னும் குழப்பிவிடும் என்பதால் அவசரப்படவில்லை. இதற்கிடையில், முழங்கை விவகாரத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. எது நடந்தாலும் அன்றைக்கே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், சொன்ன ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று எழுத்தில் விதி போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அம்மா கட்டிலோரம் சறுக்கி உட்கார்ந்துவிட்டதாக ஒரு இரவு போன் வந்தது, அடிபடவில்லை. தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும் அந்த அழைப்பு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரவு ஷிப்டுக்கு இரண்டாவது ஆள் மட்டும் இன்னும் வரவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார்கள். அது நடக்கும் வரை என் கணக்கில் இந்த இல்லத்துக்கு ஐந்துக்கு மூன்றரை.