உவரிக் கரையில் ஒரு ட்ரைபாட்: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் சென்ற வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணன், உங்ககிட்ட இருக்குற அதே ட்ரைபாட், 7,800 ரூவாய்க்கு வந்துட்டு, வாங்கிரட்டுமா?" என்று கேட்டான். 2021-இல் நான் அந்த மூன்றுகால் கேமரா தாங்கிக்குக் கொடுத்தது 11,500 ரூபாய். அவன் கேட்ட நேரத்தில் அதன் ஒரு கால் ஜங்ஷனில் பழுதுபார்ப்பவரின் மேசையில் கழன்று கிடந்தது. அந்த எரிச்சலில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று இரண்டு நாள் பொறுத்தேன்.

எடை தாங்குவதிலோ தலைப்பகுதியின் உறுதியிலோ குறை சொல்ல இடமில்லை. ஆடிக் காற்றில் உவரியை அடுத்த கூடுதாழைக் கரையில் நாமே நிலைகொள்ள முடியாதபோது, பை தரையைத் தொடும்படி நடுத்தண்டின் கொக்கியில் மாட்டிவிட்டு 30 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்துப் படம் எடுத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தபோதும் கரையேற்றியிருந்த வள்ளத்தின் விளிம்பு மங்கவில்லை. என் வழக்கெல்லாம் கால்களைத் திருகிப் பூட்டும் அந்த ஒன்பது வளையங்களோடுதான்.

நம் கரை மணலில் சிவப்பாகவும் கறுப்பாகவும் வரிவரியாகப் படிந்திருப்பது கார்னெட்டும் இல்மனைட்டும். படத்தில் அந்த வரிகள் தரும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டித் தேய்க்கவும் பயன்படும் கல். அது ஈரத்தோடு வளையத்துக்குள் புகுந்தால், ஒவ்வொரு திருகலும் அலுமினியத்தை அரம் போல் அராவும். போதாக்குறைக்கு, எஃகுத் திருகாணியும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்புநீர் பட்டு வெள்ளைப் பொடி பூத்துவிடும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, கிரீஸ் தடவுவதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அப்படியும் மூன்றாம் ஆண்டில் ஒரு கால் வழுக்கத் தொடங்கியது.

ட்ரைபாடின் காலை அலைக்குள் இறக்கியது என் தப்புதானே என்பீர்கள்; அந்த ஆசை புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னாவின் படங்களைப் பார்த்ததிலிருந்து வந்தது. மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்து, கடலைப் பனியாக்கிக் காட்டுகிறவர் அவர். அவரைப் பார்த்து வாங்கிய பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடி, ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால், 1/30 விநாடி போதும் என்றிருந்த காட்சிக்கு 34 விநாடி தேவைப்படும். "என்ன அண்ணாச்சி, ஒரு படத்துக்கு இம்புட்டு நேரமா நிக்கிய?" என்று வலை இழுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. 1980 முதல் பல நாட்டுக் கடல்களைப் பாதி வானம், பாதி நீர் என்று ஒரே சட்டகத்தில் எடுத்துவந்த ஹிரோஷி சுகிமோட்டோவைப் பார்த்த பிறகுதான், ஊர் ஊராக அலையாமல் உவரியிலேயே நிற்கும் பொறுமை வந்தது.

இந்தக் காலின் வழுக்கல் உண்மையில் வலித்தது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே வழியில் போனபோதுதான். அவர் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக வாங்கியதால் கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும்; 1856, 57-இல் அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். விடியலில் நானும் அப்படித்தான் இரண்டு எடுத்து இணைக்கிறேன். இரண்டுக்கும் இடையில் கால் மயிரிழை இறங்கினாலும் போதும், உவரியின் கப்பல் மாதா கோயில் முகப்பு இரட்டையாகத் தெரியும். அலை மணலை அரித்துக் கால் புதைவது ட்ரைபாடின் குற்றமல்ல. அழுத்தி ஊன்றும்போது வளையம் விட்டுக்கொடுப்பது அதன் குற்றம்தான்.

வளையத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்திருந்தது. மாற்றுப் பட்டை கேட்டு நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் வந்தது புதிய மாடலின் விளம்பரம். பழுதுபார்ப்பவரோ காலை உருட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்ள உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி இருக்கு, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, காலி எண்ணெய்க் கேனிலிருந்து ஒரு பட்டையை வெட்டிப் பொருத்தி, 150 ரூபாய் வாங்கினார். கம்பெனிப் பட்டையைவிட இது கெட்டியாகப் பிடிக்கிறது. நேற்று விடியலில் எடுத்த இரண்டு படங்களும் அணுவும் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின.

ஆனாலும் தம்பிக்கு, "வேண்டாம், கிளிப் வைத்த கால் உள்ளதாகப் பார்" என்றே பதில் அனுப்பியிருக்கிறேன். அவன் வாங்காமல் விட்டால், அந்த விலைக்கு ஒன்றை உதிரிப் பட்டைகளுக்காகவாவது நானே வாங்கிப்போட்டுவிடலாமா என்று இன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.