மரியோ கொஞ்சம் லேட்டாகக் குதிக்கிறார்

போன மாதம்தான் பழைய கேம் கன்சோலைச் சரிசெய்து எடுத்துவந்தேன். பெரிய கோளாறு இல்லை. உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தன, கேசட் செருகும் இடத்தில் பின்கள் தளர்ந்திருந்தன. விஷயம் தெரிந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பையனுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இப்பவும் விளையாட நல்லா இருக்கா?" ஒரு வரியில் முடிய வேண்டிய பதில். ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அசல் நின்டெண்டோ இல்லை. 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த எத்தனையோ நகல் பெட்டிகளில் ஒன்று. கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதென்னவோ பத்துப் பதினைந்து கேம்தான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு பெயரில் வேறு லெவலில் தொடங்கும். கடைசி எண்வரை போய்ப் பார்த்துவிடுவது என்று நானும் தம்பியும் ஒரு விடுமுறை நாள் முழுக்கப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தோம். இன்னும் போய்ச் சேரவில்லை.

கேசட்டை ஊதுகிறவர்களுக்கு ஒன்று: ஊதாதீர்கள். அன்று ஊதியதால் வேலை செய்தது என்று நம்பினோம். எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் செய்தது. வாயின் ஈரம் உலோக முனையை அரிக்கத்தான் உதவும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சு போதும்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். கன்சோல் நன்றாக இருக்கிறது, கேம் நன்றாக இருக்கிறது, நடுவில் இந்தத் தட்டை டிவிதான் கெடுக்கிறது. டியூப் டிவியில் சிக்னல் வர வர, வரி வரியாகத் திரையில் வரைந்துகொண்டே போகும். தட்டை டிவி அந்த மஞ்சள் பின் வழியாக வருகிற படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எண்களாக மாற்றி, 240 வரியைத் தன் பெரிய திரைக்கு இழுத்து நீட்டி, ஓரத்தைக் கூர்மையாக்குகிறேன் பேர்வழி என்று இன்னும் ஏதேதோ செய்துவிட்டுத்தான் நமக்குக் காட்டும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. கேமில் நொடிக்குச் சுமார் 60 படம். ஆறு படம் பிந்தினால் பத்தில் ஒரு நொடி போச்சு. முழு வேகத்தில் ஓடும் மரியோ அதற்குள் ஏறக்குறைய ஒரு செங்கல் அகலம் நகர்ந்திருப்பார். நான் விளிம்பில் ஏ பட்டனை அமுக்குகிறேன், அவர் பள்ளத்துக்குள் இறங்கியபடி "என்ன?" என்று கேட்கிறார். இந்தத் தாமதத்தைக் குறைக்க டிவியில் கேம் மோட் என்று ஒன்று இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வந்தால்தான் அது திறக்கும், மஞ்சள் பின்னுக்குச் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது.

"டிவி மேல பழி போடாத அண்ணா, உனக்கு வயசாயிடுச்சு" என்றான் தம்பி. அந்தக் கோபத்தில் பரணிலிருந்த டியூப் டிவியை இருவருமாக இறக்கினோம். அது ஒரே ஒரு சாயங்காலம் ஓடிவிட்டு, ஒரு டப் சத்தத்தோடு உயிரை விட்டது. ஆனால் அந்த ஒரு சாயங்காலம் போதும். விரல் சொன்ன நொடியில் மரியோ குதித்தார். முப்பது வருடமாக விரலுக்குள் அப்படியே இருந்திருக்கிறது அந்தக் கணக்கு. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அன்றும் 8-3-இல், அதாவது எட்டாம் உலகத்தின் மூன்றாம் லெவலில், சுத்தியல் எறியும் அந்த ஜோடியிடம்தான் செத்தேன். சின்ன வயதிலும் அங்கேதான்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1985. மொத்த கேமும் 40 கேபி. அந்த இடத்துக்குள் 32 லெவலை அடைக்கச் செய்த சிக்கனத்தை இப்போது உட்கார்ந்து பார்த்தால் வாய் பிளக்கிறது. மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. ஏ பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அந்த அளவுக்கு உயரம் என்ற அந்தக் குதியை விடச் சுகமான குதி பிறகு வந்த கேம்களிலும் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்காக மனசு ஆறவே இல்லை. கேம் ஓவர் ஆனபின் முதல் திரையில் ஏ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அடித்தால், செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்தே தொடங்கலாமாம். போன வாரம்தான் தெரிந்தது. எட்டாம் உலகத்தில் செத்து, ஒவ்வொரு முறையும் 1-1-இலிருந்து ஆரம்பித்த அத்தனை மதியங்களையும் யார் திருப்பித் தருவார்கள்? மார்க் 10-க்கு 5. அநியாயம் என்று எனக்கே தெரியும், இருக்கட்டும்.

பொம்மைத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுடும் டக் ஹண்ட், தட்டை டிவியில் சுத்தமாக விளையாட முடியாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, உள்ளே வருகிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழல் முனையில் இருக்கும் கண், இருட்டுக்குப் பின் வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். இந்த நேரக் கணக்கு டியூப் டிவியை நம்பியது. தட்டை டிவி வெள்ளைக் கட்டத்தைக் காட்டுவதற்குள் கேம் தீர்ப்பு எழுதி முடித்துவிடும், நாய் எழுந்து நின்று சிரிக்கும். ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக்கை அமுக்கினால் வாத்து அந்தத் திசையில் பறக்கும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. என் முறை வரும்போது மட்டும் வாத்துகள் ஏன் அப்படித் திமிறின என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. விளையாடவே முடியாத இந்த கேமுக்கு 9.

சுட்டுக்கொண்டே ஓடும் காண்ட்ரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று பட்டனை அமுக்கினால் 30 லைஃப். இது காண்ட்ராவுக்காகப் பிறந்த மந்திரம் இல்லை. 1986-இல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்ட குறுக்கு வழி. 30 லைஃப் இருந்தால் டிவியின் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, செத்துச் செத்துப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தக் காலத்தில் முடிவே இல்லாத கேம் போலத் தோன்றியது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 7. எக்ஸைட்பைக் என்ற பைக் பந்தய கேமில் நாமே பாதை கட்டலாம், 'சேவ்' என்று மெனுவில் இருக்கும், ஆனால் சேமிக்க டேப் ரெக்கார்டர் போன்ற தனிக் கருவி வேண்டும், அது ஜப்பானில் மட்டும்தான் விற்றது. இல்லாத கருவிக்கு எதற்குக் கதவு? 4.

எதிர்பாராமல் மாட்டிக்கொண்டது டேங்க் கேமில்தான். பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. அன்று மரியோ அலுத்தால் மட்டும் போடுவது. இப்போது ஒரு மாதமாக இரவு ஒன்பதரைக்குத் தம்பி வந்துவிடுகிறான். லெவலுக்கு 20 எதிரி டேங்க், அடியில் செங்கல் சூழ்ந்த கழுகு. அந்தக் கழுகை எதிரி சுட்டாலும் போச்சு, நாமே கைதவறிச் சுட்டாலும் போச்சு. இருவர் ஆடும்போது கூட்டாளியைச் சுட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். யார் இதை யோசித்தார்களோ, அண்ணன் தம்பி வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். முந்தாநாள் 19-ஆம் லெவலில் நட்சத்திரத்தை எடுக்க அவன் என்னை நிறுத்திவைத்தான், நான் அவனை நிறுத்திவைத்தேன், அந்தச் சண்டையில் கழுகை யாருமே பார்க்கவில்லை. டிவி இங்கேயும் லேட்தான். இருவருக்கும் ஒரே அளவு லேட் என்பதால் கேட்க ஆளில்லை. இதற்கு மார்க் போடவில்லை, இன்னும் 16 லெவல் பாக்கி இருக்கிறது.

நண்பருக்குப் பதில்: வேண்டாம். பையன் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவான், தப்பும் அவன் மேல் இருக்காது. கன்சோலுக்கு 4. நேற்று கேட்டிருந்தால் 8 சொல்லியிருப்பேன், இன்று காலை 1-2-இலேயே மூன்று லைஃபும் போனது. அப்புறம் இன்னொன்று. உங்களிடமோ தெரிந்தவர்களிடமோ ஓடுகிற டியூப் டிவி இருந்தால் சொல்லுங்கள். கனம் பற்றிக் கவலை வேண்டாம், தூக்க இரண்டு பேர் வருகிறோம்.