கர்சர் குதித்தது, கடைக்காரர் மதர்போர்டை மாற்றச் சொன்னார்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். சோதனைக் கட்டணம் 60 வெள்ளி. '8கே' கேபிள் 89 வெள்ளி. ஆக 149 வெள்ளி கையை விட்டுப் போனது. இதற்கு மேல் 480 வெள்ளிக்கு மதர்போர்டை, அதாவது லேப்டாப்பின் முக்கியச் சர்க்யூட் பலகையை, மாற்றச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை, புண்ணியம். இவ்வளவும் எதற்கென்றால், புது மானிட்டரில் மவுஸ் கர்சர் ஒழுங்காக நகரவில்லை என்பதற்கு. கடைசியில் கோளாறு தீர்ந்தது 22 வெள்ளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்.

நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவள். 14 அங்குல லேப்டாப் திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, மெய்யெழுத்தின் புள்ளி எது, திரையில் ஒட்டிய தூசி எது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தேன். அதனால்தான் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது. அன்று மாலை முழுக்கச் சந்தோஷம்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. கையை நகர்த்தினால் கர்சர் ஒரு கணம் தாமதித்துத்தான் பின்னால் வரும், ரப்பர் பட்டையில் கட்டி இழுத்த மாதிரி. சில சமயம் அப்படியே நின்றுவிடும், பிறகு இரண்டு அங்குலம் தாண்டிக் குதிக்கும். படம் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கோ பிழைப்பே அதில்தான். 'அவர்களுக்கு கொடுத்தான்' என்று வந்திருந்தால், 'கு'வுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து ஒரு 'க்' அடிக்க வேண்டும். கர்சர் இடைவெளியைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ள, 'அவர்களுக்கு க்கொடுத்தான்' என்று ஒரு கோப்பு வாடிக்கையாளருக்குப் போயே போய்விட்டது. அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் காய்கறி வாங்கப் போகிற வழியில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கடை. பெயர் எழுதப் போவதில்லை, எந்தப் பேட்டை என்றும் சொல்லப் போவதில்லை. போனதும், "வாங்கக்கா, உட்காருங்க" என்றார் கடைக்காரர். நான் பாதி விழுந்தது அந்த 'அக்கா'வில்தான். கம்ப்யூட்டர் கோளாறைத் தமிழிலேயே விளக்கிச் சொல்ல முடிகிறது என்றால் எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த நிம்மதியில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டேன்.

லேப்டாப்பை மட்டும் வாங்கிக்கொண்டார். என்ன மானிட்டர், எந்த வழியாக இணைத்திருக்கிறேன், நடுவில் ஹப் (ஒரே துளையில் பல கருவிகளை மாட்டும் பெட்டி) ஏதாவது உண்டா, என்ன மவுஸ் என்று ஒன்றும் கேட்கவில்லை. மவுஸ் தடுமாறுகிறது என்று ஒருத்தி வந்து நிற்கிறாள், மவுஸைக் கேட்காத ரிப்பேர்க்காரர்! கடையிலிருந்த ஒரு பழைய மானிட்டரில் இணைத்து, கர்சரை லேப்டாப் திரையிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் கொண்டுபோய்க் காட்டினார். "பாருங்கக்கா, இங்க பெருசா இருக்கு, அங்க போனா சின்னதாகுது. கிராபிக்ஸ் சிப் போயிட்டிருக்கு."

கண்ணால் பார்த்தேன், நம்பினேன். உண்மையில் அது கோளாறே இல்லை. லேப்டாப் திரை 150 சதவீத ஸ்கேலிங்கிலும் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) பக்கத்து மானிட்டர் 100 சதவீதத்திலும் இருந்தால், எல்லையைத் தாண்டும்போது கர்சரின் அளவு மாறித்தான் தெரியும். விண்டோஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டு திரை வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் இதைக் காட்டி எல்லாருக்கும் மதர்போர்டு விற்கலாம். மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் பாவம். அதில் மவுஸை வேகமாக ஆட்டினாலே கர்சர் பெரிதாக ஊதும், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக ஆப்பிளே வைத்த வசதி அது.

சோதிப்பதற்கு 60 வெள்ளி, ரிப்பேர் செய்தால் அதைக் கழித்துக்கொள்வோம் என்றார். லேப்டாப்பை மூன்று நாள் விட்டுவிட்டு வந்தேன், பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டிக் கொடுத்துவிட்டு. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வாடிக்கையாளர்களின் கோப்புகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் போனபோது, "மதர்போர்டு மாத்தணும்கா, 480 ஆகும். வேற எடத்துல 700 கேப்பான். உங்களுக்காகச் சொல்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. சரி, அதுவரைக்கும் சமாளிக்க இந்த 8கே கேபிளைப் போட்டுப் பாருங்கள் என்று 89 வெள்ளிக்கு ஓர் எச்டிஎம்ஐ கேபிளைத் தள்ளிவிட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் வாங்கினேன். வீட்டில் மாட்டினேன். கர்சர் அதே குதி குதித்தது. போன் செய்தால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்று பதில்.

அந்த ஞாயிறு அக்கா மகள் மீன் குழம்பு சாப்பிட வந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சித்தி, மவுஸைத் தொடாதீங்க" என்று சொல்லி, லேப்டாப்பின் டச்பேடில் விரலை வைத்துக் கர்சரை வட்டமாகச் சுற்றினாள். அரை நிமிடம். கர்சர் மந்தமாகத்தான் நகர்ந்தது, ஆனால் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. மவுஸைப் பிடித்தாள், உடனே குதித்தது. "ரெண்டு வியாதி இருக்கு சித்தி. குதிக்கிறது வேற, மந்தம் வேற" என்றாள். இந்த ஒரு சோதனையைக் கடையில் செய்திருந்தால் நான் அன்றே வீடு திரும்பியிருப்பேன்.

குதித்ததற்குக் காரணம் என் மேசை. யுஎஸ்பி-சி ஹப் ஒன்று, அதில் கோப்புகளைச் சேமிக்கும் வெளி எஸ்எஸ்டி, அதற்கு ஒட்டினாற்போல் வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இந்த மாதிரி மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். 2012ஆம் ஆண்டிலேயே இன்டெல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. சந்தைக்கடையில் பக்கத்தில் நின்று ஒருவர் கத்திக்கொண்டிருக்க, நாம் சொல்வது கடைக்காரர் காதில் விட்டு விட்டு விழுமே, அந்தக் கதைதான். ரிசீவரை ஹப்பிலிருந்து பிடுங்கி லேப்டாப்பின் மறுபக்கத் துளையில் செருகினாள். குதிப்பது நின்றது. செலவு பூஜ்யம்.

மந்தத்துக்குக் காரணம் என் கஞ்சத்தனம். செட்டிங்ஸ் போய், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று திறந்து காட்டினாள். 3840க்கு 2160 சரியாக இருந்தது, பக்கத்தில் 30 ஹெர்ட்ஸ். அதாவது திரை விநாடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 33 மில்லிவிநாடி. சாதாரணமாக 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், அதில் இடைவெளி சுமார் 17. அசையாத எழுத்தில் இது தெரியாது. கையோடு ஓட வேண்டிய கர்சரில்தான் பளிச்சென்று தெரியும். நான் ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஹப்பின் எச்டிஎம்ஐ வாய், 4கே என்றால் 30க்கு மேல் தராது. எச்டிஎம்ஐ 1.4 காலத்து வரம்பு அது. 60 வேண்டுமென்றால் 2.0 ஆவது வேண்டும். ஹப் வந்த பெட்டியைத் தேடி எடுத்தோம். '4கே' என்று கட்டைவிரல் அளவுக்கு ஓர் எழுத்து. '30 ஹெர்ட்ஸ்' என்பது அடியில், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு அளவில்.

இப்போது அந்த 89 வெள்ளிக் கேபிளை யோசித்துப் பாருங்கள். வாய் 30தான் தரும் என்றால், 8கே கேபிளைப் போட்டாலும் தங்கக் கேபிளைப் போட்டாலும் 30தான் வரும். அதோடு, சான்று பெற்ற அதிவேக எச்டிஎம்ஐ கேபிள் என்றால் பெட்டியில் ஸ்கேன் செய்து பார்க்கும்படி கியூஆர் குறியோடு ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். என்னுடையதில் மின்னல் படம் மட்டும்தான் இருந்தது.

என் லேப்டாப்பின் யுஎஸ்பி-சி துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் சின்னம் இருந்தது. நான் அதை ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். யுஎஸ்பி-சியிலிருந்து நேராக மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் 22 வெள்ளி. ஹப்பை நடுவிலிருந்து எடுத்தாயிற்று. 60 ஹெர்ட்ஸ். கர்சர் கையோடு ஓடியது.

அவள் சொன்ன இன்னொன்றை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பது அங்கேதான். கம்ப்யூட்டர் கர்சரைப் பெரும்பாலும் திரையில் தெரியும் படத்தின் மேல் தனி அடுக்காக வைக்கிறது, கோலத்தின் மேல் வைத்த பூ மாதிரி. அதனால்தான் பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தி எடுத்த படத்தில் கர்சர் வருவதில்லை. மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்து கர்சர் மட்டும் தடுமாறினால், பேனலையும் மதர்போர்டையும் சந்தேகிப்பது கடைசியிலும் கடைசி. மவுஸ், ரிசீவர், ஹப், ஹெர்ட்ஸ், கிராபிக்ஸ் டிரைவர், இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். கர்சர் மினுக்குகிறது, மறைந்து மறைந்து வருகிறது என்பவர்கள் மவுஸ் செட்டிங்கில் பாயின்டர் டிரெயில்ஸை (கர்சர் நகரும்போது பின்னால் வரும் வால்) ஆன் செய்து, நீளத்தை ஆகக் குறைவாக வைத்துப் பாருங்கள். விண்டோஸ் கர்சரை வரையும் முறையே அதில் மாறுகிறது, பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பிப்பதும் இலவசம்தான்.

பணத்துக்கு வருகிறேன். கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "உங்க அக்கா பொண்ணு இன்ஜினியரா?" என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. தேவையில்லாத ரிப்பேரைத் தேவை என்று சொல்வது, இங்குள்ள பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுக்கலாம். நான் நேராகச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போனேன். போனேன் என்றால் நடந்து இல்லை, எல்லாம் இணையத்தில்தான். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், வக்கீல் வைக்க அனுமதியில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு என்னைப் போன்ற பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. ரசீது, கேபிள் பெட்டியின் படம், 30 ஹெர்ட்ஸ் காட்டிய திரையின் படம், 60 ஆன பிறகு எடுத்த படம், நான்கையும் இணைத்தேன். ரசீதில் அவர் கையாலேயே 'மதர்போர்டு மாற்ற வேண்டும்' என்று எழுதிக் கொடுத்திருந்தது பெரிய உதவி. வாய்ச்சொல்லோடு வந்திருந்தால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. எனவே எந்தக் கடையில் கோளாறு இன்னதென்று சொன்னாலும், எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கலந்தாலோசனைத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது. "இதுக்கெல்லாமா அக்கா அங்க போவாங்க?" மறுபடி அக்கா. அன்று இரவே பேநவ்வில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் சேவை) 149 வெள்ளி வந்து சேர்ந்தது. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பாஸ்வேர்டை எல்லாம் மாற்றிவிட்டேன். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்த அக்கா மகள்தான் கவனித்தாள், அடியில் எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கிறது. கடைக்குச் செய்தி அனுப்பி மூன்று வாரமாகிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.