தீம் பார்க் ஹோட்டலில் ‘ஃபேமிலி ரூம்’ புக் செய்கிறீர்களா? சின்னக் குழந்தை இருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

தீம் பார்க்கைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் ‘குடும்பங்களுக்கு ஏற்றது’ என்று போடாத ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாங்கள் தங்கிய ஹோட்டலும் அப்படித்தான் போட்டிருந்தது. பூங்காவுக்கு ஐந்து நிமிட நடை, இலவச ஷட்டில் பஸ், சுவரெல்லாம் பொம்மைப் படம் வரைந்த அறை, கேட்டால் தொட்டில், குழந்தைகளுக்குத் தனி நீச்சல் குளம். எல்லாம் எழுத்தில் இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் ஒன்றுகூட இரண்டு வயதுக் குழந்தையை மனதில் வைத்து எழுதியது இல்லை என்று. ஹோட்டலின் பெயரைப் போடவில்லை. இதே வார்த்தைகளை இதே மாதிரி வளைத்து எழுதும் இடங்கள் ஏராளம். பெயரைவிட அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் அந்த ஐந்து நிமிட நடை. ஹோட்டலின் பின்சுவரிலிருந்து பூங்காவின் பின்சுவருக்கு ஐந்து நிமிடம், அது உண்மை. அங்கே இருப்பது ஊழியர்கள் மட்டும் போகும் கேட். பொதுமக்கள் நுழையும் வாசல் பூங்காவின் மறுபக்கம். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு, பாதி தூரம் நடைபாதையே இல்லாத சாலையோரமாகச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் பை சோதனை வரிசை, டிக்கெட் வரிசை, உள்ளே குழந்தைகள் பகுதிக்கு இன்னொரு நடை. மேப்பில் பூங்காவின் பெயரைப் போட்டுத் தூரம் பார்த்தால் இந்தச் சூது தெரியாது, ஏனென்றால் அது பூங்காவின் நடுவிலோ ஏதோ ஓர் ஓரத்திலோ புள்ளி வைத்துக் கணக்குப் போடும். ‘முதன்மை நுழைவாயில்’ எது என்று தேடி, அந்தப் புள்ளிக்கு நடக்கும் வழியைப் போட்டுப் பாருங்கள்.

சரி, ஷட்டில் இருக்கிறதே என்றுதான் நாங்களும் நினைத்தோம். ‘நாள் முழுவதும் இலவச ஷட்டில்’ என்பது விளம்பரம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் காலையில் அடிக்கடி பஸ், இரவில் பூங்கா மூடும் நேரத்தில் அடிக்கடி பஸ், நடுவில் பதினொன்றரையிலிருந்து நாலு மணி வரை ஒன்றுமே இல்லை. ரிசப்ஷனில் கேட்டேன். “அந்த நேரத்துல யாரும் திரும்பி வர மாட்டாங்க மேடம்” என்றார் அந்தப் பையன். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஏன் என்றால், சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் திரும்பி வருவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பூங்காவின் சத்தத்திலும் வெயிலிலும் ஸ்ட்ரோலரில் படுத்துத் தூங்கிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எங்கள் வாண்டு அந்த ரகம் இல்லை. மதியம் இருட்டான அறையில் தூங்கி எழுந்தால் ராத்திரி எட்டு மணி வரை சிரித்துக்கொண்டிருப்பான். தூங்காவிட்டால் மூன்று மணிக்கு ஆரம்பிக்கும் அழுகைக்கு எந்தப் பொம்மை வேடக்காரரும் மருந்து இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 86, 87 சென்டிமீட்டர். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சற்றே மென்மையான ரோலர் கோஸ்டர் என்று சொல்லப்படும் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கே 97 சென்டிமீட்டர் வேண்டும். அங்கேயே இன்னொரு ரோலர் கோஸ்டரான ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112. மற்ற பெரிய பூங்காக்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். குழந்தைக்கு உள்ளே செய்ய இருப்பது மெதுவாகச் சுற்றும் சில ராட்டினங்கள், ஊர்வலம், தண்ணீர் விளையாட்டு. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஆசையிருந்தால் டிஸ்னி, யுனிவர்சல் போன்ற இடங்களில் ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்க, மற்றவர் போய்வந்ததும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஆக, பூங்காவை ஒட்டிய ஹோட்டலுக்கு நாம் கொடுக்கும் அதிகப்படிப் பணம் மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பும் வசதிக்காகத்தான். அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, நடக்கவும் முடியாது என்றால், தள்ளியிருக்கும் சாதாரண ஹோட்டலில் பாதிக் கட்டணத்தில் தங்கியிருக்கலாம். டாக்ஸி பிடிக்கலாமே என்பீர்கள். பிடித்தோம். குழந்தை இருக்கை இல்லாத டாக்ஸிதான் கிடைத்தது. ஓடிய பஸ்ஸிலும் ஸ்ட்ரோலரை மடித்தால்தான் ஏற்றுவார்கள். தூங்கி வழியும் குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மறு கையால் ஸ்ட்ரோலரை மடித்துப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

அடுத்தது அந்தப் பொம்மை அறை. சாதாரண அறையைவிடக் கணிசமாகக் கூடுதல் கட்டணம். படத்தில் பெரிய கட்டில், ஓரமாக ஒரு குட்டிக் குகை, அதற்குள் குழந்தைகளுக்கான படுக்கை. நேரில் பார்த்தால் அந்தக் குகைக்குள் இருப்பது மேலும் கீழுமாக இரண்டடுக்குக் கட்டில். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல் படுக்கையில் விடக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. கீழ்ப் படுக்கையில் விழாமல் தடுக்கப் பலகை இல்லை. ஏணியோ கழற்ற முடியாதபடி சுவரோடு முடுக்கியிருந்தது, எங்கள் பையன் அறைக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் அதன் மூன்றாவது படியில் நின்றான். அதாவது, எங்களால் பயன்படுத்தவே முடியாத ஒரு மரச்சாமானுக்குக் கூடுதல் பணம் கட்டி, அது அடைத்துக்கொண்ட இடத்தால் ஸ்ட்ரோலர் வைக்கவும் வழியில்லாமல், இரவு பகலாக அந்த ஏணிக்குக் காவல் இருந்தோம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அறை சொர்க்கமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் புக்கிங் பக்கம் எங்களிடம் குழந்தையின் வயதைக் கேட்டது. ‘2’ என்று போட்ட பிறகுதான் ‘உங்களுக்குப் பொருத்தமான அறை’ என்று இதைக் காட்டியது.

தொட்டில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, ‘ஏற்பாடு செய்யப்படும்’ என்று பதிலும் வாங்கியிருந்தோம். அறைக்குள் நுழைந்தால் தொட்டில் இல்லை. கேட்டதற்கு, மடக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பெரியவர்கள் படுப்பது. மறுபடி கேட்டு, இரவு வெகுநேரம் கழித்து வந்தது ஒரு பழைய மரத் தொட்டில். அதன் ஒரு பக்கத் தடுப்பை ஏற்றி இறக்கலாம். இந்த வகைத் தொட்டிலில் அந்தத் தடுப்பு கழன்று, இடுக்கில் குழந்தை சிக்கி இறந்த சம்பவங்களால்தான் அமெரிக்காவில் 2011 ஜூனிலிருந்து இதை விற்கவே தடை. ஹோட்டல்களுக்குப் பழையதை மாற்ற 2012 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். நாங்கள் போனது அமெரிக்காவில் இல்லை. ஆனாலும் எந்த ஊர்க் குழந்தைக்கும் இடுக்கு இடுக்குதான். திருப்பி அனுப்பிவிட்டு, பெரிய கட்டிலைச் சுவரோடு தள்ளி, நடுவில் படுக்கவைத்துக்கொண்டோம்.

ஹோட்டல் தொட்டில் எதுவானாலும் குழந்தையைப் போடும் முன் கையால் ஒரு தடவை சோதியுங்கள். கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அதற்கானது இல்லை. பிடித்து ஆட்டினால் கிறீச்சிட்டு வளைகிற தொட்டிலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

‘பார்க் வியூ’ அறைக்கும் தனியாக வாங்கினார்கள். பூங்கா பக்கம் ஜன்னல் என்றால் இரவு வாணவேடிக்கை பக்கமும் அதுதான் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. குழந்தை தூங்கி ஒரு மணி நேரம் ஆனதும் முதல் வெடி. அறை மாற்றித் தரச் சொன்னோம். ‘பொம்மை அறைகள் எல்லாமே அந்தப் பக்கம்தான்’ என்றார்கள். திரைச்சீலையும் அழகுக்குத்தான், வெளிச்சத்தை மறைக்காது. மதியத் தூக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த அறையில் மதியம் பளிச்சென்று வெயில். குழந்தை இருந்தால் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த அசிங்கமான அறையே மேல், அதற்குக் கட்டணமும் குறைவு.

என் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இன்னோர் அறை எடுத்திருந்தோம், உள்கதவு வேண்டும் என்று சொல்லி. ‘அடுத்தடுத்த அறைகள்’ என்று உறுதிப்படுத்தினார்கள். அடுத்தடுத்துதான் இருந்தன. நடுவில் கதவு இல்லை. ஆங்கிலத்தில் கேட்கும்போது ‘கனெக்டிங்’ என்ற சொல்லையே கேளுங்கள், ‘அட்ஜாயினிங்’ என்று அவர்கள் பதில் எழுதினால் விடாதீர்கள்.

குளியலறைக் குழாயில் வெந்நீர் கை வைக்க முடியாத சூடு. வீட்டுக் குழாய்க்கு 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று சொல்வார்கள். 60 டிகிரி என்றால் பெரியவர் தோலே சில விநாடிகளில் வெந்துவிடும், குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். எங்கே போனாலும் முதலில் குளிர்ந்த நீரைத் திறந்து, பிறகு வெந்நீரைக் கலந்து, கை வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்குங்கள். பால்கனியில் இரண்டு நாற்காலிகள் கம்பியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவற்றை அறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைப் பூட்டியதுதான் நாங்கள் செய்த முதல் வேலை. அந்த ஹோட்டலில் குழந்தை என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள், அறை சுத்தம் செய்ய வந்த அம்மாள். கேட்காமலே மேசை முனைகளில் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

கணக்கு முடிக்கும்போது ‘ரிசார்ட் ஃபீ’ என்று இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. எதற்கு என்றால், நீச்சல் குளத்துக்கும் ஷட்டிலுக்குமாம். விளம்பரத்தில் ‘இலவச’ ஷட்டில் என்றிருந்தது அதுதான். குழந்தைகள் குளம் பராமரிப்புக்காக மூடியிருந்தது, அறிவிப்புப் பலகையின் தூசியைப் பார்த்தால் மூடி வெகுகாலம் ஆகியிருக்கும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், தங்குமிடங்கள் இப்படிப்பட்ட கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அப்படி விதி இல்லாத இடங்களில் பணம் கட்டும் பக்கத்தின் கடைசிவரை போய், ‘ஹோட்டலில் செலுத்த வேண்டியவை’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தே ஆக வேண்டும்.

இனி யாராவது என்னிடம் கேட்டால், பொம்மைச் சுவரையும் நட்சத்திர எண்ணிக்கையையும் விட்டுவிட்டு ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்வேன். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஷட்டில் நேரங்களின் அட்டவணையை அனுப்புங்கள், அறைக்குள் இருக்கும் கட்டில்கள் என்ன வகை, தொட்டிலின் புகைப்படம் ஒன்று, ஜன்னல் எந்தப் பக்கம், குழந்தைகள் குளம் அந்தத் தேதியில் திறந்திருக்குமா. இதற்கு நேராகப் பதில் சொல்கிற ஹோட்டல், சுமாரானதாக இருந்தாலும் நம்பலாம். ‘உங்கள் கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று வந்தால் அதற்கு அர்த்தம் ‘முடியாது’ என்பதுதான். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. இடைத்தரகுத் தளம் வழியாகப் புக் செய்தால் பிரச்சினை வரும்போது ஹோட்டல் தளத்தைக் கைகாட்டும், தளம் ஹோட்டலைக் கைகாட்டும். விலை ஒன்றாக இருந்தால் நேரடியாகவே எடுங்கள், அதுவும் ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில். தங்குபவர்களின் விமர்சனங்களில் ‘ஸ்ட்ரோலர்’, ‘தூக்கம்’, ‘தொட்டில்’ என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். மற்றதெல்லாம் காலைச் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் விளம்பரம் சொன்னபடி நடந்தது ஒன்றே ஒன்று: ஹோட்டல் விருந்தினருக்குப் பூங்கா அரை மணி நேரம் முன்னதாகத் திறக்கும் சலுகை. விடியும் முன்பே எழுந்துவிடும் குழந்தைகளுக்கு அது நல்ல வசதி, கூட்டமில்லாத ராட்டினத்தில் திரும்பத் திரும்ப ஏறினான்.

ஊர் திரும்பியதும் புகைப்படங்கள், அவர்களுடைய மின்னஞ்சல்கள், ஷட்டில் அட்டவணை எல்லாவற்றையும் இணைத்துப் புகார் எழுதினோம். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு பொம்மை அறைக்கான கூடுதல் தொகை மட்டும் கார்டுக்குத் திரும்பி வந்தது. மூடிக்கிடந்த குளத்துக்கு வாங்கிய ரிசார்ட் ஃபீ பற்றிக் கேட்டதற்கு, அடுத்த முறை தங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.